ஒரு தட்டு, நாலு டிக்கோடர்: வீட்டில் சாட்டிலைட் ஒயர் இழுப்பது எப்படி

ஹாலில் தொடர் ஓடிக்கொண்டிருக்கும். மேல்மாடி அறையில் யாரோ இரண்டாவது டிக்கோடரைத் தட்டுவார்கள். அவ்வளவுதான், ஹாலில் படம் உறைந்து, சிக்னல் இல்லை என்று திரை சொல்லும். மேலே அணைத்தால் கீழே படம் திரும்பி வரும். டிக்கோடர் பெட்டிதான் கெட்டுவிட்டது என்று மாற்றித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் நிறைய பேர். பெட்டியில் ஒரு குறையும் இருக்காது. சிலிங்குக்கு மேலே ஏறிப் பார்த்தால், ஒரு ஒயரை இரண்டாகப் பிரிக்க ஹார்ட்வேர் கடையில் சில வெள்ளி கொடுத்து வாங்கிய ஸ்ப்ளிட்டர் ஒன்று தூசிக்குள் உட்கார்ந்திருக்கும்.

பழைய ஏரியல் காலத்துப் பழக்கம் அது. ஏரியல் ஒயரில் படம் மேலிருந்து கீழே வரும், அதோடு சரி. பிரித்தால் கொஞ்சம் மங்கும், வேறு கெடுதல் இல்லை. சாட்டிலைட் ஒயர் அப்படியல்ல. கீழிருந்து மேலேயும் அதில் ஒன்று போகிறது. தட்டின் (டிஷ்) கை முனையில் அலையை வாங்கி ஒயரில் இறக்கும் கருவிதான் எல்.என்.பி. அதற்கு மின்சாரம் டிக்கோடரிலிருந்துதான் போகிறது. அந்த மின்சாரமே கட்டளையும்கூட. 13 வோல்ட் போனால் எல்.என்.பி. செங்குத்து அலைகளை எடுக்கும், 18 வோல்ட் போனால் கிடை அலைகளை எடுக்கும். அதன் மேல் 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றை ஏற்றினால் அலைவரிசையின் மேல்பட்டைக்கு மாறும், இல்லாவிட்டால் கீழ்ப்பட்டையில் இருக்கும்.

ஏன் இந்தச் சுற்றுவழி? சாட்டிலைட் டிவி வரும் கேயு பேண்ட் அலைவரிசை 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை. இரண்டு திசை அலைகளையும் சேர்த்தால் சுமார் 4 கிகாஹெர்ட்ஸ் அகலம். ஒயரில் கிடைக்கும் இடமோ 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும். நாலில் ஒரு பங்குதான் ஒரு நேரத்தில் இறங்க முடியும். எந்தப் பங்கு என்று சொல்வது டிக்கோடர். ஒரே ஒயரில் இரண்டு டிக்கோடர் மாட்டினால் இரண்டு பேர் ஒரே எல்.என்.பி.க்கு வெவ்வேறு கட்டளை போடுகிறார்கள். 18 வோல்ட் போடுகிறவர் ஜெயிப்பார், 13 கேட்டவருக்கு அந்தச் சேனல் கிடைக்காது. ஆகவே ஒரு டிக்கோடருக்கு எல்.என்.பி.யிலிருந்து தனியாக ஒரு ஒயர், நடுவில் வெட்டோ பிரிப்போ இல்லாமல். பின்னால் இரண்டு போர்ட் உள்ள ரெக்கார்டிங் டிக்கோடர் என்றால் அதற்கு மட்டும் இரண்டு ஒயர், ஒன்றில் பதிவு ஓடும்போது மற்றதில் வேறு சேனல் பார்க்க.

இரண்டாவது டிக்கோடர் உண்மையிலேயே வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். ஹாலில் ஓடுவதையே சமையலறையிலும் பார்த்தால் போதும் என்றால், டிக்கோடரின் எச்.டி.எம்.ஐ. வாயில் ஒரு எச்.டி.எம்.ஐ. ஸ்ப்ளிட்டரும், கேட்6 ஒயர் வழியாகப் படத்தைக் கடத்தும் எக்ஸ்டெண்டர் ஜோடி ஒன்றும் வேலையை முடித்துவிடும். அந்த இடத்தில் பிரிக்கலாம், தப்பில்லை. தனித்தனிச் சேனல் வேண்டும் என்றால்தான் தட்டு வரை போக வேண்டும். அப்போதும் ஒயர் மட்டும் போதாது. ஆஸ்ட்ரோ போன்ற கட்டணச் சேவையில் ஒவ்வொரு பெட்டிக்கும் கணக்கில் அனுமதி இருக்க வேண்டும், அதைப் பேசி முடித்த பிறகு ஏணியை எடுங்கள். இணையம் வழியாகப் படம் வரும் பெட்டி வைத்திருப்பவர்கள் இதற்கு மேல் படிக்கவே தேவையில்லை.

எந்த எல்.என்.பி.?

இரண்டு டிக்கோடருக்கு டுவின், நாலுக்கு குவாட், எட்டுக்கு ஆக்டோ. இவற்றுக்குள்ளேயே சுவிட்ச் இருக்கிறது. ஒவ்வொரு வாயும் தனி ஆள் மாதிரி, பக்கத்து வாய் என்ன கேட்கிறது என்று கவலைப்படாது. வீட்டில் இன்று மூன்று டிவிதான் என்றாலும் குவாட் வாங்குவதே நல்லது. விலை வித்தியாசம் சொற்பம், மறுபடி ஏணி ஏறும் வேலை சொற்பமல்ல.

கடையில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. குவாட் வேறு, குவாட்ரோ வேறு. இரண்டுக்கும் நாலு வாய், இரண்டும் ஒரே அச்சு. குவாட்ரோவின் நாலு வாயும் நாலு பங்கை நிரந்தரமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும், டிக்கோடர் சொல்வதைக் கேட்காது. அதை நேராக டிக்கோடரில் மாட்டினால் கால்வாசிச் சேனல்தான் வரும். வாய்களுக்குப் பக்கத்தில் வி.எல்., வி.எச்., எச்.எல்., எச்.எச். என்று அச்சடித்திருந்தால் அது குவாட்ரோ. அதன் இடம் மல்டிசுவிட்ச், அதாவது நாலு பங்கையும் வாங்கி ஒவ்வொரு டிக்கோடரும் கேட்பதை அதற்குக் கொடுக்கும் பெட்டி. எட்டு, பத்து அறை உள்ள பெரிய வீட்டுக்கும், வாடகைக்கு அறை விடுகிற கட்டடத்துக்கும் அதுதான் வழி. 5க்கு 8 என்று சொல்லும் மல்டிசுவிட்சில் நாலு வாய் குவாட்ரோவுக்கு, ஐந்தாவது சாதாரண ஏரியலுக்கு. 2019இல் மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு நின்ற பிறகு மைஃப்ரீவியூ என்ற இலவச டிஜிட்டல் டிவிக்கு யு.எச்.எஃப். ஏரியல் வைத்தவர்கள் அதை இந்த ஐந்தாவது வாயில் கொடுத்தால் இரண்டும் ஒரே ஒயரில் அறைக்கு இறங்கும். சுவரில் டிவி, சாட் என்று இரண்டு துளை உள்ள பிளேட் அவற்றைப் பிரித்துக் கொடுக்கும்.

பழைய எல்.என்.பி.யைக் கழற்றும் முன் அதில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். 9.75, 10.6 என்று இரண்டு எண் இருந்தால் யுனிவர்சல், இரண்டு பட்டையையும் எடுக்கும் வகை. ஒரே எண்தான் என்றால் ஒற்றைப் பட்டை வகை. புதிதாக வாங்குவது அதே எண் உள்ளதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிக்கோடர் தேடும் இடத்தில் சேனல் இருக்காது. கோலாலம்பூரில் புடு பக்கம் ஜாலான் பாசாரில் உள்ள எலக்ட்ரானிக் கடைகளுக்குப் போகும்போது பழையதையோ அதன் படத்தையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் விளக்குவதைவிட அது சுலபம்.

தட்டு எங்கே பார்க்கிறது

ஆஸ்ட்ரோ வருவது மியாசாட் செயற்கைக்கோள்களிலிருந்து, 91.5 பாகை கிழக்கில். கோலாலம்பூரிலிருந்து அது திசைமானியில் சுமார் 253 பாகை, அதாவது மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே சாய்ந்தது. உயரம் சுமார் 77 பாகை. பினாங்கில் சுமார் 239 பாகை, உயரம் 78. கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே என்று வைத்துக்கொள்ளலாம். நம் வீட்டுத் தட்டுகள் மல்லாந்து படுத்திருப்பது அதனால்தான்.

இதனால் ஒரு நன்மை உண்டு, பலர் அதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டு மாடி உங்கள் தட்டை மறைக்காது. 10 மீட்டர் உயரச் சுவர்கூட இரண்டேகால் மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் இடைஞ்சல் இல்லை. மறைப்பது தலைக்கு மேல் தொங்கும் மாமரக் கிளையும், போர்ச் ஆனிங்கும், கூரையின் நீட்டலும்தான். ஆகவே தட்டை ஓட்டுக்கு மேலே ஏற்ற வேண்டிய அவசியமில்லை. ஏணி எட்டுகிற உயரத்தில், மேலே வானம் திறந்திருக்கும் சுவரில் பொருத்துங்கள். மழை நனைத்த ஓட்டில் கால் வைக்காமலே பிறகு பழுது பார்க்கலாம்.

ஏற்கெனவே ஒழுங்காக வேலை செய்யும் தட்டென்றால் அதை அசைக்காதீர்கள், எல்.என்.பி.யை மட்டும் மாற்றுங்கள். கழற்றும் முன் மார்க்கரால் எல்.என்.பி. கழுத்திலும் கிளாம்பிலும் சேர்த்து ஒரு கோடு, போனில் நாலு படம். எல்.என்.பி. எவ்வளவு சுழன்றிருக்கிறது, கிளாம்பில் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பது அதில் பதிவாகட்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், கோள் நமக்கு நேர் தெற்கிலும் இல்லை. அதனால் இந்தச் சுழற்சி இங்கே பெரிய அளவு. நேராக நிமிர்த்தி வைத்துவிட்டால் செங்குத்தும் கிடையும் கலந்து, சிக்னல் பலம் நன்றாகவும் தரம் குப்பையாகவும் காட்டும்.

ஒயரும் கணக்கும்

வாங்க வேண்டிய ஒயர் ஆர்.ஜி.6, 75 ஓம். ஆர்.ஜி.59 வேண்டாம், சும்மா கிடைத்தாலும் வேண்டாம். ஆர்.ஜி.6இலும் இரண்டு சாதி. நடுக்கம்பி முழுச் செம்பு, அல்லது செம்பு பூசிய எஃகு. பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஒரு சின்னக் காந்தத்தை நடுக்கம்பி முனைக்குக் கொண்டுபோங்கள். இழுத்தால் எஃகு. படத்தைப் பொறுத்தவரை எஃகும் செம்பும் ஒன்றுதான், ஏனென்றால் உயர் அலைவரிசை கம்பியின் தோலில்தான் ஓடுகிறது. மின்சாரத்துக்குத்தான் வித்தியாசம். எஃகின் மின்தடை செம்பைப் போல நாலைந்து மடங்கு. நீளமான ஒயரில் 18 வோல்ட் எல்.என்.பி.யை எட்டுவதற்குள் தேய்ந்து, 18 என்று அதற்குப் புரியாமல் போகும். 20 மீட்டருக்குள் எஃகு சமாளிக்கும், அதற்கு மேல் செம்பு வாங்குங்கள்.

சிக்னல் இழப்பு 2150 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்குச் சுமார் 32 டெசிபெல். 25 மீட்டர் ஒயரில் சுமார் 8. சாதாரண எல்.என்.பி.க்கு இது பெரிய விஷயமில்லை. 40 மீட்டர் தாண்டினால்தான் லைன் ஆம்ப்ளிஃபையர் பற்றி யோசிக்க வேண்டும், அதையும் தட்டுப் பக்கம் மாட்ட வேண்டும். அறைப் பக்கம் மாட்டினால் ஏற்கெனவே கலந்துவிட்ட இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும்.

உதாரணத்துக்கு செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ ஒரு இரட்டை மாடி தெரஸ் வீடு. தட்டு முன்பக்கச் சுவரில். ஹாலுக்கு 14 மீட்டர், மேல் முன்னறைக்கு 9, மேல் பின்னறைக்கு 16, சமையலறைக்கு 22. ஆக 61. ஒவ்வொரு முனையிலும் ஒன்றரை மீட்டர் மிச்சம் விட்டால் எட்டு முனைக்கு 12. மொத்தம் 73. நூறு மீட்டர் சுருள் ஒன்று வாங்கினால் தவறுக்கும் இடமிருக்கும். கனெக்டர் ஒயருக்கு இரண்டாக எட்டு, சுவர் பிளேட்டிலிருந்து டிக்கோடருக்குப் போகும் குட்டி ஒயர்களுக்கு எட்டு. முதல் இரண்டு மூன்று எப்படியும் வீணாகும். 25 வாங்குங்கள்.

இழுக்கும்போது இரண்டு முனையிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். சிலிங்குக்குள் போன பிறகு நாலு வெள்ளை ஒயரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வளைவு உள்ளங்கை அகலத்தைவிட இறுக்கமாக வேண்டாம். மின் ஒயரோடு ஒரே குழாயில் கண்டிப்பாகப் போகக் கூடாது. ஆணிக் கிளிப்பைச் சுத்தியால் அடிக்கும்போது ஒயர் நசுங்கினால் உள்ளே நுரை சப்பையாகி அந்த இடத்தில் 75 ஓம் கெட்டுவிடும்; வெளியே ஒரு தழும்புகூடத் தெரியாது.

கனெக்டர்

பெரும்பாலான பழுது இங்கேதான். திருகி மாட்டும் வகை எஃப் கனெக்டரை ஒதுக்கிவிடுங்கள். கருவியால் அழுத்தும் கம்ப்ரெஷன் வகையே நம் மழைக்குத் தாங்கும். கனெக்டர், கருவி, உரிப்பான் மூன்றும் ஆர்.ஜி.6க்கு உரியதாக இருக்கட்டும்.

முனையை நேராக வெட்டுங்கள். வெளித்தோலை 13 மி.மீ. உரியுங்கள், அதில் கடைசி 6 மி.மீ.க்கு வெள்ளை நுரையையும் எடுத்து நடுக்கம்பியை மட்டும் நிறுத்துங்கள். நடுக்கம்பியில் பிளேடு கீறல் விழக் கூடாது, கீறல் விழுந்த இடத்தில் பிறகு ஒடியும். நுரைத் துகள் மெல்லிய படலமாகக் கம்பியில் ஒட்டியிருக்கும். அதைச் செப்புப் பூச்சு போகாமல் நகத்தால் சுரண்டுங்கள், கத்தி வேண்டாம். இப்போது வலைப்பின்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு மடித்துத் தோலின் மேல் படியவிடுங்கள். நுரையோடு ஒட்டிய அலுமினியத் தாளை விட்டுவிடுங்கள். வெளிச்சத்தில் பிடித்து முனையைப் பாருங்கள். மயிரிழை போல ஒரே ஒரு பின்னல் கம்பி முன்னால் நீட்டி நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட்தான். டிக்கோடர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தை நிறுத்தும், சில பெட்டிகளில் உள்ளே ஒரு பாகமே போய்விடும்.

கனெக்டரை நேராகத் தள்ளுங்கள். நட்டுக்குள் எட்டிப் பார்த்தால் வெள்ளை நுரை உள்தளத்தோடு சமமாக நிற்க வேண்டும், பள்ளமாகத் தெரிந்தால் இன்னும் தள்ள வேண்டும். நடுக்கம்பி நட்டின் விளிம்பைத் தாண்டி சுமார் 3 மி.மீ. நீட்டியிருந்தால் சரி. பிறகே கருவியில் வைத்து அழுத்துங்கள். அழுத்திய பின் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள்.

எந்த நட்டையும் மாட்டவோ கழற்றவோ செய்யும் முன் டிக்கோடரைச் சுவர் சுவிட்சிலேயே அணைத்துவிடுங்கள். ரிமோட்டில் அணைத்தாலும் ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கலாம்.

மழை, இடி

எல்.என்.பி.யின் வாய்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். கனெக்டர் மேல் ரப்பர் உறை, அதற்கு மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், இழுத்துச் சுற்றியது. கறுப்பு மின் டேப் வெயிலில் ஆறு மாதத்தில் பிசுபிசுத்து அவிழும். எல்.என்.பி.க்குக் கீழே ஒயரை ஒரு தொங்கலாக விடுங்கள், தண்ணீர் அங்கே சொட்டி விழும். சுவர்த் துளை வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும். இதெல்லாம் சும்மா சுத்தத்துக்காக அல்ல. கனெக்டருக்குள் புகுந்த தண்ணீர் வலைப்பின்னல் வழியாக ஒயர் முழுக்க ஊர்ந்து இறங்கும். அறைப் பக்கம் நட்டைக் கழற்றும்போது பச்சைக் களிம்பு தெரிந்தால் அந்த ஒயரையே மாற்றுங்கள், முனையை மட்டும் வெட்டிப் புதுசு போட்டுப் பயனில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை இடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒயர்கள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒயரின் வெளி உலோகத்தை எர்த்தோடு சேர்க்கும் கிரவுண்டிங் பிளாக் ஒன்று வைத்து, தட்டின் கம்பத்தையும் அதையும் வீட்டின் பிரதான எர்த்தோடு இணைக்க வேண்டும். அதைப் பதிவுபெற்ற வயர்மேன் செய்யட்டும். தனியாக மண்ணில் ஒரு கம்பி அடித்துவிட்டு அதை வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விடுவது, எர்த்தே இல்லாததைவிட ஆபத்து. இடி விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவில் உங்கள் டிக்கோடர்தான் பாலம். எர்த் இருந்தாலும் பக்கத்தில் நேரடியாக விழும் இடியை எதுவும் தடுக்காது. வானம் கறுத்தால் மின் பிளக்கோடு தட்டு ஒயரையும் கழற்றுங்கள்.

சோதனை

மல்டிமீட்டர் ஒன்று போதும். ஒயரின் இரண்டு முனையும் எதிலும் மாட்டாத நிலையில் நடுக்கம்பிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. ஒரு முனையில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் மறுமுனையில் சில ஓம் மட்டும் காட்ட வேண்டும். பிறகு அறைப் பக்கம் டிக்கோடரை மாட்டி, தட்டுப் பக்க முனையில் வோல்ட் பாருங்கள். சேனல் மாற்றும்போது 13, 18 என்று மாறினால் ஒயர் நலம். கடைசியாக ஒரே டிக்கோடரை ஒவ்வொரு அறைக்கும் தூக்கிப் போய்ச் சிக்னல் பக்கத்தில் பலமும் தரமும் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். நாலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்த ஒயரை எல்.என்.பி.யின் வேறு வாய்க்கு மாற்றிப் பாருங்கள். குறை ஒயரோடு நகர்ந்தால் கனெக்டர் கோளாறு, வாயோடு தங்கினால் எல்.என்.பி. கோளாறு.

பிற்பாடு வரும் நோய்களும் இப்படித்தான் பிரியும். எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் படம் போனால் தட்டு, எல்.என்.பி., அல்லது மழை. கனமழையில் சில நிமிடம் போவது கேயு பேண்டின் குணம். சாதாரணத் தூறலுக்கே போனால் தட்டு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. ஒரு அறையில் மட்டும், அதுவும் குறிப்பிட்ட சில சேனல்கள் மட்டும் வராவிட்டால் 18 வோல்ட் அல்லது 22 கிலோஹெர்ட்ஸ் மேலே போய்ச் சேரவில்லை: வழியில் ஒரு பழைய ஸ்ப்ளிட்டர், ஏரியலுக்கான சுவர் பிளேட், அல்லது துருப்பிடித்த முனை. காலையில் நன்றாக இருந்து வெயில் ஏறியதும் போய், இரவில் திரும்பினால் எல்.என்.பி. வயதாகிவிட்டது.

கொண்டோவிலும் பிளாட்டிலும் இருப்பவர்களுக்குக் கதை வேறு. பெரும்பாலும் மொட்டை மாடியில் பொதுத் தட்டு, மாடிக்கு மாடி ரைசர் அலமாரியில் (கட்டடத்தின் ஒயர்கள் மேலே ஏறும் இடம்) மல்டிசுவிட்ச், வீட்டுக்கு ஒரு ஒயர். சுவரில் இரண்டு மூன்று பாயிண்ட் இருந்தாலும் அவற்றுக்குப் பின்னால் ஒரே ஒயர்தான் பிரிந்து போகிறதா என்று மேனேஜ்மென்ட் ஆபீசில் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எங்கள் யூனிட்டுக்கு ரைசரிலிருந்து எத்தனை லைன்? ஒன்றுதான் என்றால், மல்டிசுவிட்சில் காலி வாய் இருந்து அவர்கள் இன்னொரு லைன் இழுக்கச் சம்மதித்தால் உண்டு, இல்லாவிட்டால் முன்னே சொன்ன எச்.டி.எம்.ஐ. வழிதான். பால்கனியில் சொந்தத் தட்டு வைப்பதற்கும் அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தலைக்கு மேலே அடுத்த வீட்டுப் பால்கனி இருந்தால் அனுமதி கிடைத்தும் பயனில்லை, நம் கோள் அங்கேதான் மறைந்திருக்கும்.

இன்னொன்று. மார்ச் மூன்றாம் வாரத்திலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், பிற்பகல் 2 மணியை ஒட்டிச் சில நிமிடம், வானம் பளிச்சென்று இருக்கும்போதே எல்லா டிவியிலும் படம் போகும். சூரியன் சரியாகக் கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது, அதன் இரைச்சல் தட்டில் கொட்டுகிறது. ஏணியை எடுக்காதீர்கள், கால் மணி நேரம் பொறுங்கள்.